ஆதார் காப்பியில இருந்து பாஸ்வேர்ட் லிஸ்ட் வரை: பூட்டு போட்டு, போட்டோக்குள்ள ஒளிச்சு வைக்கிற முழு வழிகாட்டி

இ-ஆதார் பிடிஎஃப் டவுன்லோட் பண்ணிருப்பீங்க, ஓப்பன் பண்ணும்போது பாஸ்வேர்ட் கேக்கும். பேரோட முதல் 4 எழுத்து பெரிய எழுத்துல, கூடவே பொறந்த வருஷம். அவ்ளோதான். பாஸ்வேர்ட் இருக்கே, பத்திரமாத்தான் இருக்கும்னு நினைச்சு நம்ம ஆளுங்க பாதி பேர் அதை அப்படியே மெயில்ல, டிரைவ்ல, ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல விட்டுட்டு வந்துடுறோம். உங்க பேர் தெரிஞ்சவனுக்கு மிச்சம் இருக்கிறது வருஷம் மட்டும்தான், 1925ல இருந்து 2024 வரைக்கும் போட்டா மொத்தமே 100 தடவை. பொறுமையா உக்காந்தா ஸ்கூல் பையன் கையாலயே போட்டு பாத்துடுவான், கம்ப்யூட்டருக்கு கண் சிமிட்டுற நேரம் கூட ஆகாது.

இவ்ளோ நீட்டி சொல்றது எதுக்குன்னா, என்க்ரிப்ஷன் எவ்ளோ பெருசா இருந்தாலும் சாவி சின்னதா இருந்தா அது வெறும் தாழ்ப்பாள்தான். கீழ வர்ற ஒவ்வொரு ஸ்டெப்லயும் இதை மனசுல வச்சுக்கங்க.

பூட்டுறது வேற, ஒளிக்கிறது வேற

என்க்ரிப்ஷன்னா பீரோவை பூட்டுறது. பீரோ எல்லார் கண்ணுக்கும் தெரியும், சாவி இல்லாம திறக்க முடியாது. ஸ்டெகனோகிராஃபின்னா, அதாவது ஒரு ஃபைலை போட்டோ மாதிரி வேற ஒண்ணுக்குள்ள ஒளிக்கிறதுன்னா, அரிசி டப்பால நகையை போட்டு வைக்கிறது, நம்ம பாட்டிங்க பண்ணதேதான். டப்பாவை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, ஆனா யாராவது கைய விட்டு துழாவிட்டா நகை போச்சு, ஏன்னா டப்பாவுக்கு பூட்டு கிடையாது.

நிறைய பேர் ஒளிச்சதையே பூட்டுனதா நினைச்சுக்கிறாங்க, அதனாலதான் சொல்றேன்: எப்பவும் முதல்ல பூட்டு, அப்புறம் ஒளி. பூட்டாம ஒளிச்சது சின்ன வயசுல எலுமிச்சை சாறுல எழுதி விளையாடுவோமே அது மாதிரி, மெழுகுவர்த்தி மேல காட்டுற வரைக்கும்தான் ரகசியம். உண்மைய சொல்லணும்னா பத்துல ஒம்பது பேருக்கு பூட்டு மட்டுமே போதும். ஒளிக்கிறது எப்போ தேவைன்னா, "பூட்டுன ஃபைல் ஒண்ணு இருக்கு"ங்கிற விஷயமே வெளிய தெரியக்கூடாதுங்கிறப்போ. ஒரே லேப்டாப்பை வீட்ல நாலு பேர் யூஸ் பண்றாங்க, "ரகசியம்"னு ஒரு ஃபைல பாத்தாலே "என்னடா இது, திற பாப்போம்"னு கேக்கிற ஆள் இருக்காங்கன்னா அப்போ இது உதவும்.

ஸ்டெப் 1: எதை பூட்டணும்னு ஒரு லிஸ்ட் போடுங்க

எல்லாத்தையும் பூட்டணும்னு கிளம்புனா ரெண்டே நாள்ல சலிச்சு போய் எதையும் பூட்ட மாட்டீங்க, அனுபவத்துல சொல்றேன். என்னோட லிஸ்ட் இவ்ளோதான்: ஆதார், பான், பாஸ்போர்ட் ஸ்கேன், வீட்டு பத்திரம், இன்சூரன்ஸ் பாலிசி, அப்புறம் மெயிலுக்கு டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடும்போது குடுக்கிற பேக்கப் கோடு (போன் கையில இல்லாதப்போ மெயிலுக்குள்ள போக உதவுறது). கடைசியா சொன்னது சைஸ்ல ரொம்ப சின்னது, ஆனா அது போச்சுன்னா மெயில் போச்சு, மெயில் போச்சுன்னா மத்த எல்லாமே போச்சு.

இடையில ஒண்ணு, ஆதார் நம்பர் முழுசா தேவைப்படாத இடத்துக்கு கடைசி 4 நம்பர் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார் இ-ஆதார் எடுக்கிற அதே சைட்லயே கிடைக்குது, அதை குடுங்க. கையை விட்டு போகாத டேட்டாவுக்கு பூட்டே வேணாம்.

ஸ்டெப் 2: பாஸ்வேர்ட் (இங்கதான் நிக்கணும்)

பொண்ணு பேரு, பொறந்த தேதி, அட் சிம்பல், 123. இதைத்தான் முதல்ல போட்டு பாப்பாங்க. குறள் வரி, சினிமா பாட்டு வரியை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா கண்டுபிடிக்க முடியாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அதுவும் வேணாம், உலகத்துல ஏற்கனவே அச்சான எந்த வரியும் யாரோ ஒருத்தரோட லிஸ்ட்ல ஏறிடலாம்.

நல்ல வழி டைஸ் உருட்டுறது. தாயக்கட்டை வேணாம், அதுல நாலு பக்கம்தான் இருக்கு, லூடோ டைஸ் எடுங்க. ஈஎஃப்எஃப்னு அமெரிக்கால ஒரு அமைப்பு 7776 இங்கிலீஷ் வார்த்தை உள்ள லிஸ்ட் ஒண்ணு இலவசமா குடுக்குறாங்க, ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்துல 1ல இருந்து 6 வரைக்குமான எண்கள்ல அஞ்சு இலக்கம் போட்டிருக்கும். டைஸ அஞ்சு தடவை உருட்டி வர்ற எண்ணுக்கு நேரா இருக்கிற வார்த்தைய எடுத்துக்கங்க, இதே மாதிரி ஆறு வார்த்தை, ஆக மொத்தம் 30 உருட்டு. பிடிக்காத வார்த்தை வந்தா மாத்தக் கூடாது, நீங்க தேர்ந்தெடுக்க ஆரம்பிச்ச நிமிஷமே அது உங்க மூளையோட பாஸ்வேர்ட் ஆயிடும், டைஸோடது இல்ல. ஆறு வார்த்தைய ஒரு கேனத்தனமான கதையா கோத்துட்டா ஒரு வாரத்துல விரல் தானா அடிக்கும். கணக்கு பாத்தீங்கன்னா, வினாடிக்கு ஒரு லட்சம் கோடி தடவை முயற்சி பண்ற மிஷின் இருந்தாலும் எல்லா சேர்க்கையும் போட்டு முடிக்க சுமார் 7000 வருஷம் ஆகும்.

ஸ்டெப் 3: 7-ஜிப்ல பூட்டுறது

காசு குடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேணாம். 7-ஜிப் இலவசம், சோர்ஸ் கோடும் வெளிப்படையா இருக்கு. அதோட சொந்த சைட்ல இருந்து மட்டும் எடுங்க, முகவரி டாட் ஆர்க்னு முடியும். அதே பேர்ல டாட் காம்ல இருக்கிற பக்கம் எல்லாம் அவங்களோடது இல்ல.

பூட்ட வேண்டியது எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, அந்த ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி 7-ஜிப் மெனுல "ஆட் டு ஆர்க்கைவ்" குடுங்க (விண்டோஸ் 11ல அது தெரியலன்னா "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" உள்ள இருக்கும்). பெரிய விண்டோ ஒண்ணு வரும், பயப்பட வேணாம், மூணு இடத்துல மட்டும் கை வைங்க.

ஃபார்மட்ல "7இசட்" இருக்கணும், "ஜிப்" இல்ல. ஜிப் ஃபார்மட்ல பழைய ஜிப்கிரிப்டோ முறைதான் தானா வந்து உக்காந்துக்கும், அதை உடைக்கிற வழியை எலி பிஹாமும் பால் காக்கரும் 1994லயே எழுதி வெளியிட்டுட்டாங்க, உள்ள இருக்கிற ஃபைல்ல கொஞ்சம் பகுதி என்னன்னு முன்னாடியே தெரிஞ்சா பாஸ்வேர்டே தெரியாம திறந்துடலாம். 7இசட்ல ஏஇஎஸ்-256ங்கிற என்க்ரிப்ஷன் முறை மட்டும்தான். பெல்ஜியம்காரங்க ரெண்டு பேர், யோவான் டாமன், வின்சென்ட் ரைமன், இவங்க உருவாக்குனதை 2001ல அமெரிக்க அரசு தரமா ஏத்துக்கிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அதை நேரா உடைச்சவங்க யாரும் இல்ல.

ரெண்டாவது, பாஸ்வேர்ட் கட்டத்துல உங்க ஆறு வார்த்தை. மூணாவது எல்லாரும் கோட்டை விடுற இடம், "என்க்ரிப்ட் ஃபைல் நேம்ஸ்"னு ஒரு டிக் பாக்ஸ். அதை போடலன்னா உள்ள இருக்கிறது பூட்டியிருக்கும், ஆனா பேர் எல்லாம் வெளிய தெரியும். "வீட்டு_பத்திரம்", "டைவர்ஸ்_பேப்பர்"னு பேர் தெரிஞ்சாலே பாதி கதை தெரிஞ்ச மாதிரிதானே.

இந்த ஃபார்மட்ல எனக்கு பிடிச்ச விஷயம் ஒண்ணு, நீங்க குடுக்கிற பாஸ்வேர்டை அது அப்படியே சாவியா எடுத்துக்காது, 5,24,288 சுத்து ஹேஷ் (திருப்பி பிரிக்க முடியாத ஒரு கணக்கு) போட்டு அரைச்சுதான் சாவி செய்யும். உங்களுக்கு ஒரு தடவை திறக்க கொஞ்ச நேரம் கூட ஆகும், தெரியவே தெரியாது, ஆனா கோடி தடவை முயற்சி பண்றவனுக்கு ஒவ்வொரு தடவையும் அந்த அரைவை உண்டு.

ஓகே குடுத்ததும் ஃபைல் ரெடி. உடனே ஒரு தடவை திறந்து பாருங்க. ஆண்ட்ராய்டுல இசட்ஆர்க்கைவர் ஆப்ல இதே ஃபைல் திறக்கும்.

ஸ்டெப் 4: ஒரிஜினல என்ன பண்றது

பூட்டுன காப்பி உள்ள இருக்கு, பூட்டாத ஒரிஜினல் டெஸ்க்டாப்ல அப்படியே கிடக்குன்னா என்ன பிரயோஜனம். டெலீட் பண்ணிட்டு ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணாலும் டிஸ்க்ல அதோட தடம் இருக்கும். முன்னாடி ஹார்ட் டிஸ்க்ல மேல மேல எழுதி அழிக்கிற சாஃப்ட்வேர் போடுவோம், எஸ்எஸ்டி-ல (சிப்ல சேமிக்கிற டிஸ்க்) அதை நம்ப முடியாது, ஏன்னா நீங்க "அதே இடத்துல எழுது"ன்னு சொன்னாலும் சிப் தேயாம இருக்க அது வேற இடத்துல எழுதிட்டு பழசை அப்படியே விட்டுடும்.

அதுக்கு ஒரே தீர்வு, மொத்த டிஸ்க்கையும் முன்னாடியே என்க்ரிப்ட் பண்ணி வைக்கிறது. விண்டோஸ் ப்ரோல பிட்லாக்கர், ஹோம்ல "டிவைஸ் என்க்ரிப்ஷன்"னு செட்டிங்ஸ்ல இருக்கான்னு பாருங்க, மேக்ல ஃபைல்வால்ட், லினக்ஸ்ல லக்ஸ். ஆன் பண்ணும்போது ஒரு ரெகவரி கீ வரும், அதை அதே லேப்டாப்ல சேவ் பண்ணாதீங்க, சாவியை பீரோ உள்ளேயே வச்சு பூட்டுறது அதுதான்.

இன்னொண்ணு, 7-ஜிப் விண்டோல இருந்தே ஒரு பிடிஎஃப்ப டபுள் கிளிக் பண்ணி பாத்தா அது டெம்ப் ஃபோல்டர்ல பூட்டாத ஒரு காப்பி எடுத்துதான் திறக்கும். டெய்லி திறந்து மூடுற ஃபைல்னா 7-ஜிப்பை விட வெராகிரிப்ட்ங்கிற சாஃப்ட்வேர் நல்லது, ஒரு பெரிய கன்டெய்னர் ஃபைலை தனி டிரைவ் மாதிரி மாட்டிக்கலாம், வேலை முடிஞ்சதும் கழட்டிடலாம்.

போட்டோக்குள்ள எழுத்து எப்படி போகுது

ஸ்டெப்புக்கு முன்னாடி இதை கொஞ்சம் புரிஞ்சுக்கங்க, புரிஞ்சா பின்னாடி பண்ற தப்புல பாதி வராது. கலர் போட்டோல ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண், ஒவ்வொண்ணும் 0ல இருந்து 255க்குள்ள. ஒரு புள்ளியோட சிவப்பு 200னு வைங்க, அதை 201 ஆக்குனா உங்க கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கழுகுக்கும் தெரியாது. ஒற்றைப்படைன்னா 1, இரட்டைப்படைன்னா 0, இப்படி ஒரு புள்ளிக்கு மூணு பிட் ஒளிக்கலாம்.

தமிழ்ல எழுதுனா எவ்ளோ இடம் பிடிக்கும்? யூனிகோடோட யூடிஎஃப்-8 முறைல "அ"ங்கிற ஒரு எழுத்து 3 பைட், அதாவது 24 பிட், ஆக 8 புள்ளி. "அம்மா"ன்னு எழுத கம்ப்யூட்டர் கணக்குல அஞ்சு குறி (அ, ம, மேல வைக்கிற புள்ளி, ம, கால்), 15 பைட், 120 பிட், 40 புள்ளி. போன்ல எடுத்த போட்டோல ஒரு கோடி புள்ளிக்கு மேல இருக்கும்போது இதுல 40 புள்ளி போறது கடல்ல பெருங்காயம் கரைச்ச கதைதான்.

ஸ்டெப் 5: எந்த போட்டோ எடுக்கலாம்

நெட்ல இருந்து எடுத்த படம் கண்டிப்பா வேணாம். சாமி படம், சூரிய உதயம் குட்மார்னிங் படம், ஹீரோ போஸ்டர், இதுக்கெல்லாம் ஒரிஜினல் ஊர் பூரா இருக்கு, ரெண்டையும் பக்கத்துல வச்சு கழிச்சு பாத்தா எந்த புள்ளி மாறியிருக்குன்னு வரிசையா தெரிஞ்சுடும். நீங்களே எடுத்த போட்டோ, யாருக்கும் இதுவரைக்கும் அனுப்பாதது, வேலை முடிஞ்சதும் ஒரிஜினலையும் அழிச்சுடணும், கிளவுட் பேக்கப்ல போயிருக்கான்னும் பாருங்க.

படம் கசகசன்னு இருக்கணும். புல்தரை, சந்தை கூட்டம், ஜல்லி கொட்டி வச்ச இடம், கலம்காரி சேலை இதெல்லாம் சூப்பர். வெறும் நீல வானம், வெள்ளை சுவர், கார்ட்டூன், ஸ்கிரீன்ஷாட் வேணாம், சமமா இருக்கிற இடத்துல 200, 201னு ஆடுறது தனியா தெரியும்.

12 மெகாபிக்ஸல் போட்டோவை அப்படியே பிஎன்ஜி (ஒரு புள்ளியையும் மாத்தாம சேமிக்கிற ஃபார்மட்) ஆக்குனா ஃபைல் ரொம்ப பெருசாயிடும், போட்டோ ஒண்ணுக்கு இவ்ளோ சைஸான்னு அதுவே சந்தேகம் கிளப்பும். அதனால 2000க்கு 1500னு சின்னதாக்கிட்டு ஆரம்பிங்க. 30 லட்சம் புள்ளி, புள்ளிக்கு 3 பிட், மொத்தம் 90 லட்சம் பிட், அதாவது சுமார் 11 லட்சம் பைட் கொள்ளளவு. கொள்ளுதேன்னு ரொப்பாதீங்க, நான் பத்துல ஒரு பங்குக்கு மேல போக மாட்டேன், ஆக 100 கேபி. பேக்கப் கோடு, பாஸ்வேர்ட் லிஸ்ட் மாதிரி டெக்ஸ்ட் ஃபைலுக்கு இது ஏராளம். வீட்டு பத்திரம் 40 பக்கம் ஸ்கேனை எல்லாம் போட்டோக்குள்ள திணிக்க நினைக்காதீங்க, அதுக்கு ஸ்டெப் 3 போதும்.

ஸ்டெப் 6: ஓப்பன்ஸ்டெகோ

போட்டோக்குள்ள ஃபைலை ஒளிக்கிற சாஃப்ட்வேர் இது, இதுவும் இலவசம், ஜாவால ஓடும், கம்ப்யூட்டர்ல ஜாவா இல்லன்னா முதல்ல அதை போடுங்க. திறந்தா "ஹைட் டேட்டா"ன்னு ஒரு பக்கம் இருக்கும். "மெசேஜ் ஃபைல்"னு இருக்கிற இடத்துல ஸ்டெப் 3ல பண்ண 7இசட் ஃபைல், "கவர் ஃபைல்"ல உங்க போட்டோ, "அவுட்புட் ஸ்டெகோ ஃபைல்"ல புது பேர், முடிவுல பிஎன்ஜி இருக்கட்டும். கீழ ஏஇஎஸ்256 எடுத்து பாஸ்வேர்ட் குடுங்க, 7-ஜிப்புக்கு குடுத்த அதே பாஸ்வேர்ட் வேணாம், வேற. "ஹைட் டேட்டா" பட்டனை அமுக்குனா முடிஞ்சது.

எடுக்கிறது இதுக்கு தலைகீழ், "எக்ஸ்ட்ராக்ட் டேட்டா" பக்கத்துல போட்டோவை குடுத்து, எங்க வைக்கணும்னு ஃபோல்டர் காட்டி, பாஸ்வேர்ட் போட்டா பழைய 7இசட் ஃபைல் அப்படியே வரும்.

அப்படியேவா வந்துச்சுன்னு எப்படி தெரியும்? 7-ஜிப் போட்டிருந்தா ரைட் கிளிக் மெனுல சிஆர்சி எஸ்எச்ஏன்னு ஒண்ணு வரும், அதுல எஸ்எச்ஏ-256 எடுத்தா ஒரு நீள எண் காட்டும். ஒளிக்கிறதுக்கு முன்னாடி ஃபைலுக்கும் வெளிய எடுத்த ஃபைலுக்கும் அந்த எண் ஒண்ணா இருக்கணும், ஒரே ஒரு பிட் மாறுனாலும் எண் முழுக்க வேற மாதிரி வரும். இதை பாக்காம ஒரிஜினல அழிக்காதீங்க.

பழைய டுடோரியல்கள்ல ஸ்டெக்ஹைடுன்னு ஒரு டூல் வரும், அதோட கடைசி வெர்ஷன் 2003ல வந்தது. அதுல ஒளிச்ச படத்து மேல ஸ்டெக்சீக்னு இன்னொரு டூல், லீக்கான ஒரு கோடியே நாப்பது லட்சத்து சொச்சம் பாஸ்வேர்டையும் சில வினாடில போட்டு பாத்துடும். மறுபடியும் அதே கதைதான், சாவி சின்னதுன்னா அவ்ளோதான்.

ஸ்டெப் 7: அனுப்புறது

நான் முதல் தடவை பண்ணப்போ எல்லாம் கரெக்டா பண்ணி, எங்க அக்காவுக்கு ஒரு மெசேஜ் ஆப்ல போட்டோவா அனுப்பிட்டேன். அக்கா எக்ஸ்ட்ராக்ட் பண்ணா எரர், பாஸ்வேர்ட் தப்புன்னு ரெண்டு பேரும் போன்ல அரை மணி நேரம் சண்டை, "நீதான் தப்பா அடிக்கிற", "நீதான் தப்பா சொல்ற". கடைசில பாத்தா படமே வேற. போட்டோவா அனுப்புனா இந்த மாதிரி ஆப் எல்லாம் சுருக்கி ஜேபெக் ஆக்கித்தான் அனுப்பும், ஜேபெக் பண்ற முதல் வேலையே கண்ணுக்கு தெரியாத சின்ன வித்தியாசங்களை தூக்கி போடுறது, நம்ம ரகசியம் இருக்கிறதே அந்த சின்ன வித்தியாசத்துலதானே.

அதனால வாட்ஸ்அப்ல "டாக்குமென்ட்"டா அனுப்புங்க, ஹெச்டி போட்டோ ஆப்ஷனும் சுருக்கும், அது வேணாம். டெலிகிராம்ல "ஃபைல்"னு அனுப்புங்க. மெயில்ல அட்டாச்மென்ட்டா போனா மாறாது. ஃபேஸ்புக், இன்ஸ்டால போட்டா காலி. பாஸ்வேர்டை அதே சாட்ல கீழயே அனுப்பாதீங்க, போன்ல கூப்பிட்டு சொல்லுங்க, நேர்ல சொன்னா இன்னும் நல்லது.

கண்டுபிடிக்கவே முடியாதா?

முடியும். 1999லயே ஜெர்மனில ஆண்ட்ரியாஸ் வெஸ்ட்ஃபெல்ட், ஆண்ட்ரியாஸ் ஃபிட்ஸ்மான்னு ரெண்டு பேர் காட்டிட்டாங்க. ஒற்றை இரட்டை முறைல 200ங்கிறது 201 ஆகும், 201 மறுபடி 200 ஆகும், ஆனா 200 எப்பவும் 199 ஆகாது. அதனால நிறைய ஒளிக்க ஒளிக்க 200 எத்தனை, 201 எத்தனைன்னு எண்ணுனா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடும், சாதாரண போட்டோல அப்படி சமமா இருக்காது. பத்துல ஒரு பங்குன்னு சொன்னேனே, இதுக்குத்தான். கொஞ்சமா போட்டா எண்ணிக்கை அவ்ளோ கலையாது, ஆனா இதுக்கப்புறம் இன்னும் கூர்மையான முறை எல்லாம் வந்தாச்சு, அதனால ஒளிவை மட்டும் நம்பாதீங்க, பூட்டு உள்ள இருக்கணும்.

சட்டம் பத்தியும் ஒரு வார்த்தை, இந்தியால ஐடி சட்டம் 2000, 69ஆவது பிரிவுல, முறையான உத்தரவோட அரசு கேட்டா திறந்து காட்ட உதவணும், மறுத்தா 7 வருஷம் வரைக்கும் ஜெயில். பூட்டுறது தப்பில்ல, அதை தெரிஞ்சு பூட்டுங்க.

ஸ்டெப் 8: காகிதம்

2010ல அமெரிக்கால ரஷ்ய உளவாளிங்க பத்து பேரை பிடிச்சாங்க. அவங்க செய்தியை படத்துக்குள்ள ஒளிச்சு எல்லாரும் பாக்கிற வெப்சைட்ல போடுவாங்க, அதுக்குன்னே தனி சாஃப்ட்வேர், கன்ட்ரோல், ஆல்ட், ஈ மூணையும் சேர்த்து அமுக்குனாதான் வரும், அப்புறம் 27 எழுத்து பாஸ்வேர்ட். நம்ம ஆறு வார்த்தை மாதிரியே நல்ல பாஸ்வேர்ட்தான். எஃப்பிஐ எப்படி உள்ள போச்சு? 2005ல நியூ ஜெர்சில ஒரு வீட்டை ரகசியமா சோதனை போட்டப்போ அந்த 27 எழுத்தும் ஒரு பேப்பர்ல எழுதி வச்சிருந்துச்சு. அதை வச்சு நூத்துக்கும் மேல டெக்ஸ்ட் ஃபைல் வெளிய எடுத்தாங்க.

இதை கேட்டு பேப்பர்ல எழுதவே கூடாதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, நாம உளவாளி இல்ல, நம்ம பின்னாடி எஃப்பிஐ சுத்தல. நமக்கு நிஜமான ஆபத்து மறதிதான். ஏஇஎஸ்ல "ஃபர்காட் பாஸ்வேர்ட்" பட்டன் கிடையாது, கஸ்டமர் கேர் கிடையாது, யார் கால்ல விழுந்தாலும் திறக்காது. அதுவும் வீட்ல ஒருத்தர் மட்டும் எல்லா பாஸ்வேர்டையும் மனசுல வச்சுக்கிட்டு திடீர்னு ஆஸ்பத்திரில படுத்துட்டா இன்சூரன்ஸ் பேப்பர் எங்கன்னு தெரியாம குடும்பமே அல்லாடும்.

அதனால எழுதுங்க, ஆனா லேப்டாப் பையில இல்ல, கீபோர்டுக்கு கீழ இல்ல. 7-ஜிப் பாஸ்வேர்ட் ஒரு கவர்ல எங்க வீட்டு பீரோ லாக்கர்ல அம்மாவோட பட்டுசேலைக்கு அடியில, போட்டோவோட பாஸ்வேர்ட் அக்கா வீட்ல. எந்த போட்டோன்னு அக்காவுக்கு மட்டும் தெரியும். ஃபைல் மூணு காப்பி, லேப்டாப்ல ஒண்ணு, பென்டிரைவ்ல ஒண்ணு, கிளவுட்ல ஒண்ணு, கிளவுட்ல போடும்போது போட்டோ கேலரில போடாம டிரைவ்ல ஃபைலா போடுங்க, கேலரில இடம் மிச்சம் பிடிக்கிற செட்டிங் ஆன்ல இருந்தா அதுவும் சுருக்கிடும். வருஷத்துக்கு ஒரு தடவை, நான் பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பண்ணுவேன், பென்டிரைவ மாட்டி, கவரை பிரிச்சு, எக்ஸ்ட்ராக்ட் பண்ணி, பேக்கப் கோடு வருதான்னு பாத்துட்டு திரும்ப ஒட்டி வச்சுடுவேன். போன வருஷம் பென்டிரைவ் செத்து போயிருந்துச்சு, மத்த ரெண்டு காப்பி இருந்ததால புதுசு வாங்கி போட்டாச்சு.